இடப்பக்கம் சாக்ஸஃபோன்

கானாடுகாத்தான் விடுதிக்குப் பின்னால்
ரிக் வண்டியை நிறுத்தி
டயருக்கடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி
முதல் ராடு இறக்கியது சாயங்காலம் ஆறரைக்கு.
இருபதடி செம்பூராங்கல்,
அதற்குக் கீழே நாமக்கட்டி மாதிரி ஒரு வெள்ளை,
அப்புறம் பாறை.
அப்புறமும் பாறை.

அடிக்கு இத்தனை என்று பேச்சு.
தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும்
அடிக்கு இத்தனை.

பதினாறு வருஷம் கம்ப்ரசர் பக்கத்தில் நின்றதில்
என் இடது காது
திருச்செங்கோட்டுக்கும் ஏதோ ஒரு காட்டுக்கும் நடுவே
இறங்கிக்கொண்டது.
சொல்லிக்கொள்ளவில்லை.
வீட்டில் சண்டை வந்தால்
அந்தக் காதைக் கொடுத்து உட்கார்ந்துகொள்வேன்.
வசதிதான்.

இருநூற்று அறுபதில் ஹேமர் மாட்டிக்கொண்டது.
எஞ்சினை அணைத்தோம்.
ஆள் தங்காத ஆடி மாதம்,
எழுபது ஜன்னலும் இருட்டு.
வரவேற்பில் ராத்திரி வேலை பார்க்கும் தெய்வானை
தனக்கென்று வைத்திருந்த இசை
பின்கட்டு வழியே வந்தது.

யாரோ நரம்பைச் சுண்டுகிறார்கள்.
சுண்டியதும் அடுத்ததற்கு ஓடவில்லை.
போனது போய்ச் சேரட்டும் என்று
கையை மடியில் வைத்துக் காத்திருக்கிறார்கள்.
பிறகு ஒரு மூங்கில்.
அதில் ஸ்வரத்துக்கு முன்னால் காற்று வருகிறது,
ஸ்வரம் வேண்டுமா என்று யோசிப்பதுபோல.
அந்தக் காற்றை எனக்குத் தெரியும்.
ராடைக் கழற்றும்போது
குழிக்குள்ளிருந்து வெறும் மூச்சாக ஏறி வருமே,
அது.

"கோட்டோ. ஷாகுஹாச்சி" என்றாள்.
இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.
அந்தத் தடவை உதட்டைப் பார்த்தேன்.
"ஜப்பான் வாத்தியமும் ஜாஸும் கலந்ததுண்ணே.
தூங்காம இருக்கத்தான் கேக்குறேன்,
கேட்டா தூக்கந்தான் வருது."
என் போனுக்கு அனுப்பி
இயர்போனும் கொடுத்தாள்.

வண்டியில் சாய்ந்து கேட்டேன்.
நரம்பு இருந்தது, மூங்கில் இருந்தது.
ஜாஸ் எங்கே என்று திரும்பப் போய்க் கேட்டேன்.
"முழுக்க சாக்ஸஃபோன் ஓடுதே!"
என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

குமிழ்களை மாற்றிப் போட்டேன்.
ஐயோ, இத்தனை நேரமும் இங்கேதான் இருந்திருக்கிறது,
செத்த காதுக்குள்
யாருக்கோ வாசித்துக்கொண்டு.
கல்யாண ஊர்வலத்தில் கேட்ட உரத்த சாக்ஸஃபோன் அல்ல,
எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்தது.
கூடவே தட்டாமல் தடவுகிற டிரம்.
ஆனால் நரம்பு போய்விட்டது. மூங்கிலும்.

கலந்தது என்றாளே,
எனக்கு ஒரு நேரத்துக்கு ஒரு நாடு.

புத்ராம் பார்த்துக்கொண்டே இருந்தான்.
பஸ்தர் காட்டிலிருந்து வந்து மூன்று வருஷமாக
என் வலப்பக்கமாகவே நடப்பவன்.
ஒன்றும் கேட்கவில்லை.
இயர்போனைப் பிடுங்கிவிட்டு
மிச்சமாகக் கிடந்த ஏழு இஞ்ச் கேசிங் குழாய்க்குள்
போனைத் தள்ளினான்.
மறுமுனையில் என்னைக் குனியச் சொன்னான்.

புழுதியில் மண்டியிட்டு
நல்ல காதை வைத்தேன்.

நரம்பு விட்ட இடைவெளியில்
சாக்ஸஃபோன் வந்து உட்கார்ந்தது.
தள்ளி உட்காரு என்று
யாரும் யாரிடமும் சொல்லவில்லை.
மூங்கில் எழுந்து கொஞ்சம் நின்றது,
டிரம் அதன் முதுகைத் தடவியது.
குழாய்க்கு இடது வலது இல்லை.
எல்லாம் ஒரே ஓட்டை வழியாக வந்தது,
பிளாஸ்டிக் வாசனையோடு,
கொஞ்சம் மணலோடு.

எத்தனை நேரம் இருந்தேனோ.
கிரீஸும் கெட்டவார்த்தையும் ஊற்றி
அவனே ஹேமரை விடுவித்திருந்தான்.

ஒரு மணிக்கு மறுபடி எஞ்சின்.
போனை எடுக்கவில்லை,
சத்தத்துக்கடியில் அது பாட்டுக்குப் பாடியிருக்கும்.

ஒவ்வொரு இருபதடிக்கும் ராடு மாற்றுகையில்
நட்டை உடனே முறுக்காமல்
ஒரு மூச்சு அதிகம் நின்றேன்.
"க்யா ஹுவா?" என்றான் புத்ராம்.
கையைக் காட்டினேன், இரு.

நானூற்றுப் பத்தில்
புழுதி கொஞ்சம் நிறம் மாறியது.
ஈரமா, பாறை மாறியதா,
இந்த வெளிச்சத்தில் சொல்ல முடியாது.